ஒரே ஒரு பொங்கு

ஓய்வு பெற்ற பிறகு எந்த ஊரில் போய் இருப்பது என்று பிரமநாயகம் ஓய்வுக்கு மூன்று வருஷம் முன்னாலேயே யோசிக்க ஆரம்பித்துவிட்டார். முப்பத்தாறு வருஷம் நாக்பூரில் ஒரு நூற்பாலையில் தர ஆய்வாளராக இருந்து, வருகிற பஞ்சையும் போகிற நூலையும் மூன்று மூன்று மாதிரி எடுத்துப் பார்த்தே பழகிப்போன மனிதர், ஊரை மட்டும் பார்க்காமல் எடுத்துவிடுவாரா என்ன. வெண்டைக்காய் வாங்கப் போனால் கூடையின் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று மூன்றை நுனி ஒடித்துப் பார்த்துக் காய்க்காரனிடம் வசவு வாங்கிக்கொண்டு வருவார். அவர் மனைவி குழல்வாய்மொழி நாலடி தள்ளி நின்று, இந்த ஆளுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளைப் பெண் பார்க்கவும் அவர் மூன்றுதரம் வந்தவர்தான். மூன்றாவது தரம் வந்தபோது அவளுடைய அப்பா, இன்னொருதரம் வந்தால் பஜ்ஜி கிடையாது என்று சொல்லிவிட்டதாக இருவர் வீட்டிலும் பேச்சு உண்டு.

பெரிய ஊர் வேண்டாம், சின்ன ஊரும் வேண்டாம் என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து. இதயத்துக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரும் இருக்க வேண்டும், மருந்துக்கடைக்காரருக்கு நம் பேரும் தெரிந்திருக்க வேண்டும். வடக்கே போக ரயில் வேண்டும், ஆனால் ஜன்னலைத் திறந்தால் ஹாரன் சத்தம் கேட்கக் கூடாது. கோயம்புத்தூர் கைமீறி வளர்ந்துவிட்டது, திருச்சி வெயில் அவருக்கு ஆகாது, நாகர்கோவிலில் வீட்டு வாடகை கேட்டாலே தலை சுற்றியது. ஒரே மகள் மங்கை நியூசிலாந்தில் இருந்தாள். அவள் கூப்பிட்ட இடத்துக்குப் போய், ஆறு மாசம் இருந்து, ஒரு பக்கத்து வீட்டுக்காரரின் முகத்தைக்கூடப் பார்க்காமல் திரும்பி வந்துவிட்டார்கள். இப்படி அடித்துத் திருத்தி அடித்துத் திருத்திக் கடைசியில் அவருடைய நீலநிற நோட்டில் மிஞ்சிய பெயர் திருநெல்வேலி. ஆடி மாசக் கடைசியில் ஒரு வாரம் தங்கிப் பார்த்துவிட்டு வரலாம் என்று இருவரும் ரயில் ஏறினார்கள்.

அந்த ஊரில் பால் காய்ச்சினால் பால் சொல்லும் என்பது அவர்களுக்கு அதுவரை தெரியாது. ஊர்க்காரர்களும் அதைப் பெரிதாக வெளியே சொல்லிக்கொள்வதில்லை. ஆனியில் சாரல் விழும் என்பதை யாரும் விளம்பரப்படுத்துகிறார்களா, அதுமாதிரிதான். புது வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் எங்கேயும்போல அங்கேயும் முதல் காரியமாக அடுப்பை மூட்டிப் பால் காய்ச்சுவார்கள். மற்ற ஊர்களில் பால் ஒருதரம் பொங்கி வழியும், எல்லாரும் சிரித்துக்கொண்டே ஆளுக்கு ஒரு மடக்கு குடித்துவிட்டுப் போவார்கள். இந்த ஊரில் பால் விளிம்புவரைக்கும் பொங்கி, ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்று, யாரும் தண்ணீர் தெளிக்காமல் தானாகவே அடங்கி, மறுபடி பொங்கி, மறுபடி அடங்கி, இருக்கப்போகிற வருஷம் எத்தனையோ அத்தனைதரம் பொங்கிவிட்டு, கடைசித் தரம்தான் வழியும். ஒரு வீட்டில் ஒருவருக்கு ஒருதரம்தான் சொல்லும். மறுநாள் காப்பிக்குக் காய்ச்சினால் அது வெறும் பால்.

முதன்முதலில் பால் சொல்ல ஆரம்பித்த காலத்தில் கொஞ்சப்பேர் பயந்து ஊரைவிட்டுப் போனார்களாம். கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் வெப்பமானியோடு எட்டு வீடுகளில் உட்கார்ந்து பார்த்து, கொழுப்புச் சத்துதான் காரணம் என்று அறுபது பக்கம் எழுதினார். எழுதி முடித்ததும் தன் வீட்டில் கடுங்காப்பிக்கு மாறிவிட்டார். நகராட்சிக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர் எழுந்து இதைத் தடைசெய்ய வேண்டும் என்று பேசினார். எதைத் தடைசெய்வது, பாலையா அடுப்பையா என்று இன்னொருவர் கேட்க, அது அப்படியே நின்றுபோனது. பிறகு ஊர் அதற்குப் பழகியது, பழகினதோடு அதற்கென்று ஒரு மரியாதையும் ஏற்படுத்திக்கொண்டது. அடுத்தவர் பாலை எண்ணக் கூடாது. பால் பொங்க ஆரம்பித்ததும் கூட நிற்கிறவர்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். கல்யாணம் பேசப் போன இடத்தில் மாப்பிள்ளைக்கு எத்தனை பொங்கு என்று கேட்ட ஒரு குடும்பத்துக்கு அப்புறம் அந்த ஊரில் யாரும் பெண் கொடுக்கவில்லை. குறைந்த பொங்கு உள்ளவர்களிடம் கடையில் பேரம் பேசுவதில்லை, வங்கி வரிசையில் அவர்களை முன்னால் விட்டுவிடுவார்கள், ஏன் என்று மட்டும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

வீட்டுத் தரகர் ஆறுமுகநயினார் தன் ஸ்கூட்டரின் முன்பக்கம் ஒரு சின்ன கேஸ் அடுப்பு, ஒரு பித்தளைச் செம்பு, அரை லிட்டர் பால், ஒரு தீப்பெட்டி வைத்திருந்தார். பெருமாள்புரத்தில் முதல் வீட்டைத் திறந்து காட்டிவிட்டு, அடுக்களை மேடையில் அடுப்பை இறக்கி வைத்தார்.

"எதுக்கு இது?" என்றார் பிரமநாயகம்.

"இங்கன வீடு பாக்க வாரவங்க ஒரு செம்பு பால் காய்ச்சிப் பாப்பாவ அண்ணாச்சி. எத்தனை தரம் பொங்குதோ அத்தனை வருஷம் இந்த வீட்டுல. அவ்வளவுதான். மைனி, நீங்க பத்த வைங்க" என்று தீப்பெட்டியைக் குழல்வாய்மொழியிடம் நீட்டிவிட்டு, நயினார் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பால் பொங்கியது, அடங்கியது. குழல்வாய்மொழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஊர் மரியாதை தெரியாத பிரமநாயகம், ஆலையில் பஞ்சுப் பேல் இறக்கும்போது எண்ணுகிற குரலில் ஒன்று, இரண்டு என்று சத்தமாகவே எண்ணினார். நயினார் சங்கடப்பட்டு மூன்றுதரம் இருமினார். இருபத்திரண்டாவது தரம் பால் வழிந்து அடுப்பு அணைந்தது. "வீடு ஒன்று, இருபத்திரண்டு" என்று அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். நல்ல வீடு, நல்ல மார்க்.

இரண்டாவது வீடு தியாகராஜ நகரில் ஒரு தெருவின் கோடியில் இருந்தது. இடுப்பு உயரத்துக்கு மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் செம்பருத்திச் செடிகள், செடிகளுக்கு நடுவே வெள்ளைச் சேலையில் ஒரு அம்மாள். ஜெபமணி டீச்சர் என்று தன் பேரைச் சொல்லி, வெயிலில் வந்திருக்கிறாயே என்று மோர் கொடுக்கக் கூப்பிட்டார். பத்து நிமிஷப் பேச்சில், டீச்சருக்கு எழுபத்து மூன்று வயது, வீட்டுக்காரர் போய்ப் பதினாலு வருஷம், மகன் குவைத்தில், முழங்கால் வலிக்கு நொச்சி இலைதான் கேட்கிறது என்பதெல்லாம் குழல்வாய்மொழிக்குத் தெரிந்துவிட்டது. அவள் திரும்பி வந்தபோது அடுக்களையில் பால் தீய்ந்த வாடை அடித்தது. நயினார் குனிந்து அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார், துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தார்.

"நீ வர நேரமாச்சேன்னு நானே பத்த வச்சேன் மொழி. ஒரே ஒரு பொங்கு, அதோட சரி. இந்த வீடு தேறாது" என்றார் பிரமநாயகம்.

"ஆமா அண்ணாச்சி. வீடு சரியில்ல" என்றார் நயினார் தலை நிமிராமல்.

மோர் குடித்த தம்ளரைத் திருப்பிக் கொடுக்க மதிலருகே போனபோது குழல்வாய்மொழி சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், உங்களுக்குப் பக்கத்தில் வர எங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை டீச்சர், இந்த வீட்டுக்கு ஒரு வருஷம்தானாம் என்று. டீச்சர் தம்ளரை வாங்கவில்லை.

"யாரு பத்த வச்சது?"

"இவங்கதான்."

டீச்சர் மதிலோரமாகக் கிட்டே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நயினார் உங்கிட்ட வெவரமாச் சொல்லலையா? சொல்ல மாட்டான், அவன் பொழப்பு அது. ஆனா நீ தெரிஞ்சிக்கிடணும் தாயி. பால் வீட்டைச் சொல்லாது. வீட்டுக்கென்ன, அது பாட்டுக்கு நிக்கும். பத்த வச்ச கையைத்தான் சொல்லும்."

குழல்வாய்மொழிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது மதில்மேல் சாய்ந்துகொண்டாள். உள்ளே அவள் புருஷன் குழாயைத் திறந்து மூடித் திறந்து, தண்ணீர் எந்த வேகத்தில் வருகிறது என்று நயினாரிடம் கேட்டுக்கொண்டிருந்தது இங்கே நன்றாகக் கேட்டது. அந்தக் குரலில் ஒரு குறையும் இல்லை.

"நாங்க வேற ஊருக்குப் போயிட்டா?"

"பால் சொல்லாது. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார் டீச்சர். "இந்தத் தெருவுலயே ஒரு பேங்க் மேனேஜர் இருந்தாரு. மூணு பொங்கு. சண்டை போட்டு மாத்தல் வாங்கிக்கிட்டு ஈரோட்டுக்குப் போனாவ. மூணாம் வருஷம் அந்தப் பொண்ணு மட்டும் திரும்பி வந்தா. எல்லா ஊர்ப் பாலுக்கும் தெரியும்மா, நம்ம ஊர்ப் பாலுக்கு வாயை வச்சிக்கிட்டு சும்மா இருக்கத் தெரியல."

"உங்களுக்கு?"

கேட்கக் கூடாத கேள்வி அது. டீச்சர் கோபப்படவில்லை. "எங்க சாருக்கு ரெண்டு. எனக்கு இன்னும் நாலு பாக்கி" என்று சொல்லி, அப்போதுதான் தம்ளரை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் மகாராஜ நகரில் மூன்றாவது வீடு. நயினார் தீப்பெட்டியை எடுக்கும் முன்பே குழல்வாய்மொழி எட்டிப் பறித்துக்கொண்டாள். பிரமநாயகம் "ஆமா, நீயே பத்த வை" என்று அடுப்புக்கு நேரே வந்து நின்றுகொண்டார். இருபத்திரண்டுதரம் பொங்கியது. அவர் சத்தமில்லாமல் எண்ணினார், எண்ணி முடித்து நோட்டில் எழுதினார், எழுதின மூன்று வரிகளையும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு ஒருதரம் பார்த்தார், பிறகு நோட்டை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நம்பிவிட்டார் என்று அவளுக்கு உயிர் வந்தது. இனி எந்த வீட்டிலும் அவர் கையில் தீப்பெட்டி போகாமல் பார்த்துக்கொண்டால் போதும், அவருக்குக் கடைசிவரை தெரியாது. தெரியாமலே இருக்கட்டும் என்று அவள் நெல்லையப்பரையும் காந்திமதியம்மாளையும் வேண்டிக்கொண்டாள்.

மிச்சமிருந்த நாலு நாளும் இருவரும் ஊரைச் சுற்றினார்கள். ரயில் ஏறும்போது குழல்வாய்மொழி பார்க்க நினைத்து வந்தது வேறு: சாயங்காலம் இரண்டு பேரும் நடக்க நல்ல சாலை, வெள்ளிக்கிழமை கோயில், இரண்டு பேர் உட்கார்ந்து காப்பி குடிக்கிற மாதிரி ஒரு ஹோட்டல். இப்போது அவள் கண் தானாக வேறு எதையோ தேடியது. நூலகத்தில் தனியாக வந்து உட்கார்ந்து படிக்கிற பெண்கள் இருக்கிறார்களா. கோயிலில் வயதான விதவைகளுக்கு யாராவது வழி விடுகிறார்களா. கீரை விற்கிறவள் ஒரு கட்டு வாங்கினாலும் முகம் கொடுத்துப் பேசுகிறாளா. இருபத்தியொரு வருஷம் தனியாக இருக்க இந்த ஊர் தாங்குமா என்று அவள் எடைபோட்டுக்கொண்டே நடந்தாள், பக்கத்தில் அவர் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்படி எடைபோடுகிற தன் மனசை அவளால் பொறுக்க முடியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. ஒருதரம் கொக்கிரகுளம் பாலத்தில் நின்று ஆற்றைப் பார்க்கிற சாக்கில் அழுதுவிட்டாள். கண்ணில் தூசி என்றாள். அவர் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு, தண்ணீரில் கல்லெறிவதைப் பார்ப்பதற்கென்று கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார். அங்கே யாரும் கல்லெறியவில்லை.

அவரும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தார். மருந்துக்கடையில் தன் ரத்த அழுத்த மாத்திரையின் விலையைக் கேட்க வேண்டியவர், ஃபோன் பண்ணினால் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பீர்களா என்று கேட்டார். ஆட்டோ நிறுத்தத்தில் போய் மூன்று ஓட்டுநர்களிடம் தனித்தனியாக, விடியற்காலை ஒரு பொம்பளை ஆள் கூப்பிட்டால் வருவீர்களா என்று கேட்டார். மூன்று பேரும் வருவோம் என்றார்கள். மின்சாரம் போனால் ஃபியூஸ் போட யார் வருவார், எத்தனை மணி நேரத்தில் வருவார், கதவைத் தட்டுவாரா மணி அடிப்பாரா என்று நயினாரைப் பிடுங்கி எடுத்தார். இந்த மனுஷனின் நச்சரிப்பு எந்த ஊருக்குப் போனாலும் போகாது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ரயிலுக்குக் கிளம்புகிற அன்று காலை லாட்ஜில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே அவர் சொன்னார்: "தியாகராஜ நகர் வீட்டையே எடுத்துக்கிடுவோம்."

அவளுக்கு விக்கல் எடுத்தது. "அந்த வீடா? ஒண்ணுதானே பொங்கிச்சு. தேறாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"அது கேஸ் தீர்ந்துபோயிருக்கும். மகாராஜ நகர்ல சுத்தி எல்லாம் பூட்டின வீடா இருக்கு, பெருமாள்புரத்துல மதில் ஒசரம் ஜாஸ்தி. இங்க மதில் சின்னது. பக்கத்துல அந்த டீச்சரம்மா இருக்காங்க. நேத்து மத்தியானம் நீ தூங்கிட்டிருக்கும்போது நான் நயினாரோட போய், அடுக்களையில நின்னு கூப்பிட்டா அவங்களுக்குக் கேக்குதான்னு பார்த்தேன். மூணுதரம் கூப்பிட்டேன். மூணுதரமும் கேட்டுது."

குழல்வாய்மொழி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் இட்லியைச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்தார். மூன்று வீடு, இருபத்திரண்டு, ஒன்று, இருபத்திரண்டு. இரண்டில் பற்றவைத்த கை ஒன்று, ஒன்றில் வேறு கை. முப்பத்தாறு வருஷம் மாதிரி எடுத்துப் பார்த்த மனிதருக்கு இது தெரியாமல் போகும் என்று தான் எப்படி நினைத்தோம் என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. மூன்றாவது வீட்டில் தீப்பெட்டியைப் பறித்தது அவள்தான், ஆனால் சோதனை பார்த்தது அவர். இந்த நாலு நாளும் ஒரே ஊரில் ஒரே தெருக்களில் பக்கத்துப் பக்கத்தில் நடந்தபடி, இரண்டு பேரும் ஒரே ஆளுக்காகத்தான் ஊர் பார்த்திருக்கிறார்கள்.

"சரி" என்றாள். "அந்த வீடே நல்லா இருக்கு."

ஆவணியில் ஒரு புதன்கிழமை குடிவந்தார்கள். நயினார், ஜெபமணி டீச்சர், எதிர்வீட்டுத் தம்பதி என்று நாலைந்து பேர்தான். வீட்டுக்காரிதான் பற்றவைக்க வேண்டும் என்பது எந்த ஊரிலும் வழக்கம், அவள் பற்றவைத்தாள். எல்லாரும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பிரமநாயகம் மட்டும் திரும்பவில்லை. அவள் தோளில் கைவைத்து நின்று, ஊர் மரியாதையை நன்றாகத் தெரிந்துகொண்ட பிறகும், ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணினார். எதிர்வீட்டு அம்மாள் முகம் சுளித்தாள், டீச்சர் அவளைக் கையமர்த்தினார். பத்தைத் தாண்டும்போது அவர் குரல் நிதானமானது. பதினைந்தைத் தாண்டும்போது கொஞ்சம் நடுங்கியது. இருபத்திரண்டில் பால் வழிந்ததும், ஆலையில் ஒரு லாட் நூல் தேறிவிட்டால் சொல்வாரே, அதே தொனியில் "பாஸ்" என்றார். அவருடைய முகத்தில் இருந்த திருப்தியைப் பார்த்து அவளுக்கு ஓவென்று கத்த வேண்டும்போல இருந்தது. சர்க்கரை போட்டு எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தாள்.

கடைசிப் பொங்கு முழு வருஷமா, அரை வருஷமா, நாலு மாசமா என்று பால் சொல்வதில்லை. அந்த ஊரில் அதுவரைக்கும்தான் தெரியும், அதற்குமேல் தெரியாது. ஆகவே அந்த வருஷத்தை எப்படிச் செலவு செய்வது என்று இருவருக்கும் பிடிபடவில்லை, எல்லாரையும்போலச் சாதாரணமாகவே இருந்தார்கள். ஐப்பசி மழையில் அடுக்களை ஓரம் ஒழுகியது, அவர் ஏணி போட்டு ஏறக் கூடாது என்று சண்டை போட்டாள். மார்கழியில் டீச்சர் கேக் கொடுத்தார், இவள் பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாள். அவர் பூட்டுகளை மாற்றினார், சிலிண்டர் மாற்றுவது எப்படி என்று அவளுக்கு மூன்றுதரம் சொல்லிக்கொடுத்தார். தனக்குத் தெரியும் என்று அவள் சொன்னபோதெல்லாம், எங்கே செய்து காட்டு என்றார். சாயங்காலங்களில் அவர் எங்கேயாவது தெரு முனைவரை போய், யாரிடமாவது பேசிவிட்டு வருவார். கேட்டால், சும்மா என்பார். காய்க்காரர்கள் அவரிடம் பேரம் பேசாமல் முதல் விலையிலேயே குறைத்துக் கொடுத்தார்கள், வங்கியில் முன்னால் விட்டார்கள். ஊருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. அவர் நன்றி சொல்லிவிட்டு முன்னால் போனார்.

பேசியிருக்கலாம். பின்னால் குழல்வாய்மொழி தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டது இதற்குத்தான். மாசி மாசம் ஒருநாள் மத்தியானம் சாப்பாடு பரிமாறும்போது அவளுக்குத் தாங்கவில்லை, "உங்களுக்கு எல்லாம் தெரியும்தானே" என்று ஆரம்பித்துவிட்டாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். எத்தனையோ வருஷத்துக்கு முன் மூன்றாவது தரம் பெண் பார்க்க வந்தபோது பார்த்த அதே பார்வை. "ரசம் ஆறுது மொழி" என்றார். அதற்குமேல் அவளும் கேட்கவில்லை. தெரிந்தவர்கள் இரண்டு பேர் தெரியாதவர்களாக இருந்துகொண்டு சேர்ந்து சாப்பிட்ட அந்தச் சாப்பாடுதான் அந்த வருஷத்திலேயே ருசியாக இருந்தது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆடி மாசம் இருபதாம் தேதி காலை, பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொள்ளவில்லை. குழல்வாய்மொழி அடுக்களையிலிருந்து ஒரே ஒருதரம்தான் கூப்பிட்டாள். டீச்சருக்குக் கேட்டது. மதிலைச் சுற்றி வராமல், எழுபத்து நாலு வயதில், முழங்கால் வலியோடு, அந்தம்மாள் செம்பருத்திச் செடிகளை மிதித்துக்கொண்டு மதிலேறிக் குதித்து வந்தார். ஆட்டோக்காரர்கள் மூன்று பேரும் வந்தார்கள், செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் வாசலிலேயே நின்றார்கள். குடிவந்து பதினோரு மாசமும் சில நாளும்.

மங்கை வந்தாள், உறவுக்காரர்கள் வந்தார்கள். பதினாறு நாளும் வீடு நிறைய ஆள் இருந்தது, கடையிலிருந்து பெட்டி பெட்டியாகப் பால் பாக்கெட் வந்து இறங்கியது. பதினேழாம் நாள் மங்கை, கூடவே வந்துவிடும்மா என்று அழுதாள். இங்கேயே இருக்கிறேன், அப்பா பார்த்த ஊர் என்றாள் குழல்வாய்மொழி. அன்று சாயங்காலம் ரயில் நிலையத்தில் மகளை ஏற்றிவிட்டு, மூன்று ஆட்டோக்காரர்களில் ஒருவர் அவளைக் கொண்டுவந்து வீட்டில் விட்டார், அவள் உள்ளே போய் விளக்குப் போடுகிறவரை காத்திருந்து பிறகுதான் வண்டியைத் திருப்பினார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வாசல் மணி அடித்தது. பால்காரர் மாசானம் நின்றார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிற மனிதர். இந்த ஒரு வருஷமாக, மதில்மேல் அவள் கவிழ்த்து வைக்கிற பாத்திரத்தை நிமிர்த்தி ஒரு லிட்டரை ஊற்றி, தட்டால் மூடிவிட்டு, மணியும் அடிக்காமல் பேச்சும் இல்லாமல் சைக்கிளில் போய்விடுகிறவர். இன்றைக்கு அவள் பாத்திரம் வைக்க மறந்திருந்தாள். அதற்காகத்தான் மணி அடித்தார் என்று நினைத்து, உள்ளே போய்ப் பாத்திரத்தை எடுத்துவந்து நீட்டினாள். அவர் அரை லிட்டர் படியில் ஒன்று அளந்து ஊற்றி, கேனை மூடினார்.

"ஒரு லிட்டர்லா" என்றாள், பழக்க தோஷத்தில்.

"அண்ணாச்சி போன மாசமே சொல்லிட்டாவ மைனி" என்றார் மாசானம். பேசிப் பழக்கமில்லாத குரல், ஒவ்வொரு சொல்லாக வந்தது. "ஆவணியில இருந்து அரை லிட்டர் போதும்னாவ. மதில்ல ஊத்தாத, மணி அடிச்சு அவ கையில குடு, அவ ஒரு வார்த்தை பேசுற வரைக்கும் நில்லுன்னாவ. எனக்கு இதெல்லாம் வராது அண்ணாச்சின்னேன். தெரு முனையில வச்சு மூணு நாள் பழக்கிக் குடுத்தாவ. அவ்வோதான் உங்கள மாதிரி நின்னு பாத்திரம் நீட்டுவாவ."

அதற்குமேல் மாசானத்துக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது ஒன்றும் இல்லை. அவர் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார்.

குழல்வாய்மொழி குனிந்து பார்த்தாள். பாத்திரத்தில் அரை லிட்டர் பால், ஒரு ஆளுக்கு உரிய பால். தெரு முனையில் அவள் புருஷன் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறும் கையில் பாத்திரம் ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு, பெண்பிள்ளை மாதிரி நின்றிருப்பார். மூன்று நாள். போகிற வருகிறவர்கள் சிரித்திருப்பார்கள். தனக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. இருபத்தியொரு வருஷத்துக்கும், ஒவ்வொரு நாளும் காலையில் ஒரு ஆள் வந்து தன் குரலைக் கேட்டுவிட்டுப் போக ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறார். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சத்தம் போட்டு, இந்தப் பதினேழு நாளில் கூட்டத்துக்கு நடுவே அழ முடியாத அழுகையெல்லாம் அழுதாள். மதிலுக்கு அந்தப் பக்கம் டீச்சர் வீட்டுக் கதவு திறந்தது.

மாசானம் போகவில்லை. மற்ற வீடுகளுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, கேனில் பாதிக்குமேல் பால் இருந்தது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, சொன்னபடி, நின்றார்.

குழல்வாய்மொழி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு வாங்க" என்றாள்.

மாசானம் தலையாட்டிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.